ஆபரேஷன் பண்ண உடம்புல காய்ச்சல் வந்தா அது சகஜம் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா வேல பாக்குறேன். கடைக்கு உங்க பேப்பர்தான் வாங்குறோம், காலையில ஓனர் படிச்சிட்டு வெச்சா மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்துல என் கைக்கு வரும். போன வாரம் எடை குறைப்பு ஆபரேஷன் பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, யாருக்குப் பண்ணலாம் யாருக்குக் கூடாது, எத்தன வகை இருக்குன்னு சாதா ஜனத்துக்குப் புரியிற மாதிரி எழுதியிருந்தாங்க. ஆனா கீழ கேள்வி பதில் கட்டத்துல ஒரு வரி, ஆபரேஷன் முடிஞ்சி சில வாரம் காய்ச்சலும் அசதியும் இருக்குறது சகஜம், பயப்பட வேணாம்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர்.

அசதி சகஜம், ஒத்துக்குறேன். காய்ச்சல் சகஜம் இல்ல சார். ஆபரேஷன் ஆன முதல் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருக்கும்போதே லேசா உடம்பு சுடும், அது பெரும்பாலும் தானா அடங்கிடும், அங்க நர்ஸ் இருக்காங்க டாக்டர் இருக்காங்க, பாத்துப்பாங்க. வீட்டுக்கு வந்த பெறகு வர்ற காய்ச்சல் வேற கதை. ரெண்டையும் ஒரே வரியில கட்டிப் போட்டா படிக்கிறவங்க டோலோ 650 ஒண்ணு போட்டுக்கினு படுத்துடுவாங்க, எங்க ஏரியாவுல அதுதான் நடக்குது.

ஏன் சொல்றேன்னா, எடை குறைப்புல ஒரு வகையான இந்த ஸ்லீவ்ங்குற ஆபரேஷன்ல இரைப்பையில முக்காவாசிக்கும் மேல வெட்டி எடுத்துடுறாங்க. மிச்சம் இருக்குறத வாழப்பழம் மாதிரி நீளமா ஒரு குழாயா ஆக்கி ஓரம் பூரா ஸ்டேப்ளர் பின் அடிச்சி மூடுறாங்க. வெளிய பாத்தா வயித்துல நாலஞ்சி சின்ன ஓட்டைதான் தெரியும், பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், அத வெச்சிக்கினு இது ஏதோ சின்ன ஆபரேஷன்னு வீட்ல எல்லாரும் நெனச்சிக்குறாங்க, உள்ள ஓடுற தையல் எவ்ளோ நீளம்னு யாருக்கும் தெரியாது. அந்தத் தையல்ல எங்கயாச்சும், முக்கியமா உணவுக் குழாய் வந்து சேர்ற மேல் முனைகிட்ட, துளி வுட்டுக்கிச்சின்னா உள்ள இருக்குற ஆசிட்டும் எச்சிலும் குடிச்ச கஞ்சித் தண்ணியும் வயித்துக்குள்ள கசியும், சீழ் புடிக்கும். நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அப்டி ஆகும், நெறைய பேருக்கு ஆகாது, அதனால ஆபரேஷனே வேணாம்னு நான் சொல்ல வரல. சுகரும் பிபியும் மூட்டு வலியுமா கஷ்டப்பட்டவங்க இதப் பண்ணிக்கினு நல்லா நடமாடுறத எங்க கடைக்கு வர்றவங்கள்லயே பாக்குறேன். ஆனா அந்தக் கசிவு நெறைய பேருக்கு ஆஸ்பத்திரியில இருக்கும்போது தெரியாது. ரெண்டு மூணு நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பிடுறாங்க, கசிவு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சி வீட்லதான் காட்டும். அப்ப பக்கத்துல யாரு இருப்பா? மாமியார், புள்ளைங்க, தெருமுனை கிளினிக், அப்புறம் நாங்க.

அதுல பாருங்க, நம்ம வடசென்னையில காய்ச்சல்னா அதுக்குன்னு ஒரு வழி போட்டு வெச்சிருக்கோம். கேப்டன் காட்டன் கால்வாய் ஒரு பக்கம், ஓட்டேரி கால்வாய் ஒரு பக்கம், பக்கிங்காம் கால்வாய் ஒரு பக்கம், கொசுவுக்குப் பஞ்சமே இல்ல. ஐப்பசி கார்த்திகையில வீட்டுக்கு ஒருத்தர் காய்ச்சல்ல படுத்திருப்பாங்க. அதனால ஒருத்தர் உடம்பு சுடுதுன்னா டெங்குவா இருக்கும், வைரல் காய்ச்சலா இருக்கும், தெருவே அப்டித்தான் இருக்குன்னு முடிவு பண்ணிடுறாங்க. மொதல்ல நெலவேம்பு, அப்புறம் கடையில வந்து ரெண்டு வேளைக்கு செட் கட்டிக் குடுங்கண்ணே, அப்புறம் கிளினிக்ல ஒரு ஊசி, அதுக்கும் கேக்கலன்னா ஒரு பாட்டில் ஏத்துறது, அப்புறமாத்தான் ரத்த டெஸ்ட். இந்த வழியில மூணு நாலு நாள் போயிடும். சாதா காய்ச்சலா இருந்தா அதுக்குள்ள அதுவே சரியாப் போயிடும். தையல் வுட்ட வயிறுன்னா அந்த மூணு நாள் ரொம்பப் பெருசு.

போன மழைக்காலத்துல எங்க தெருவுல ஒரு அக்காவுக்கு இப்டி ஆச்சு. பேரு வேணாம். இங்க இல்ல, ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்லீவ் பண்ணிக்கினு வந்தாங்க. தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம் பித்தப்பையில கல்லு, எடுத்தாச்சுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. மாமியாருக்கே அதான் தெரியும், வீட்டுக்காரருக்கும் அக்காவோட அம்மாவுக்கும் மட்டும்தான் உண்மை. ஏன் மறைச்சாங்கன்னு நான் கேக்க மாட்டேன், உங்களுக்கும் தெரியும். கொஞ்சம் குண்டா இருக்குற பொம்பளைய நம்ம ஊர் என்னென்ன பேசும், தின்னுட்டுத் தின்னுட்டு இப்ப காசு குடுத்து வயித்த அறுத்துக்கினான்னு பேசாதா. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வாரம் போல இருக்கும், காய்ச்சல். தெருவுல அப்ப நாலு வீட்ல டெங்கு. கிளினிக் டாக்டர் ஊசி போட்டாரு, டெங்கு டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, அவரக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆபரேஷன் ஆச்சுன்னு அவருகிட்ட யாரும் சொல்லல. டெஸ்ட்ல டெங்கு இல்லன்னு வந்துச்சு. மாமியார் கண்ணு பட்டுடுச்சுன்னு உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க.

அவங்க பையன் மாத்திர வாங்க கடைக்கு வந்தான். அம்மாக்கு மூச்சு வாங்குதுண்ணே, இடது தோள் வலிக்குதாம், வாயுவா இருக்கும்னு ஆயா சொல்றாங்க, வாயு மாத்திர குடுங்கண்றான். காய்ச்சலோட தோள் வலின்னதும் எனக்கு இடிச்சிது. சமீபத்துல ஆபரேஷன் ஏதாச்சும் நடந்துச்சாடான்னு கேட்டா பித்தப்பை கல்லுண்றான். எந்த மாத்திரை சாப்புடுறாங்க, பைல் எடுத்துக்கினு வான்னு அனுப்பினேன். டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஸ்லீவ்னு எழுதியிருக்கு. அதுல இருந்த நம்பருக்கு அடிச்சா ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு ஒரு பொண்ணு குரல் சொல்லிக்கினே இருக்கு, கடைசியில எடுத்தவரு அப்பாயின்மெண்ட் டிபார்ட்மெண்டாம், டாக்டர் திங்கக்கிழமதான் ஓபி பாப்பாருன்னாரு. சொன்ன நாள் வெள்ளிக்கிழம. அப்புறம் 108க்கு அடிச்சி ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அன்னிக்கு மழை வேற, கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுச்சுன்னா எங்க ஏரியாவுலேந்து வெளிய போறதே தனி வேல. அங்க சிடி ஸ்கேன் எடுத்துப் பாத்து, உள்ள சீழ் கட்டியிருக்குன்னு குழாய் போட்டு வடிச்சி, மூக்கு வழியா சாப்பாடு குடுத்து, ரொம்ப நாள் வெச்சிப் பாத்துதான் அனுப்புனாங்க. இப்ப நல்லா இருக்காங்க. ஸ்டான்லிய எங்க பெரியவங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க, சில பேரு அங்க போறத கௌரவக் குறைச்சலா நெனைக்கிறாங்க, ஆனா இரைப்பை குடல் ஆபரேஷனுக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்குற பெரிய ஆஸ்பத்திரி நம்ம ராயபுரம் பக்கத்துலயே இருக்குன்னு ஞாபகம் இருந்தாப் போதும்.

இதுல எல்லாரும் தெரிஞ்சிக்க வேண்டியது ஒரு பாரா அளவுதான் சார். எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு வந்தவங்களுக்கு காய்ச்சல் 101க்கு மேல போச்சுன்னா, சும்மா படுத்திருக்கும்போதே நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 100க்கு மேலயே நின்னுச்சுன்னா, வயித்து வலி கூடிக்கினே போனா, இடது தோள்ல வலி, மூச்சு வாங்குறது, குடிச்ச தண்ணி கூட தங்காம வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இதுல எது இருந்தாலும் ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட அன்னிக்கே பேசணும், அவரு கெடைக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்டி. துடிப்பு 120ஐத் தாண்டிச்சுன்னா, இல்ல மூச்சு வாங்குதுன்னா, போன் பண்ணி காத்துக்கினு இருக்க வேணாம், நேரா கெளம்பணும். கால் வீக்கமும் மூச்சும் ரத்தக் கட்டியா இருக்கலாம், கால்ல கட்டி நுரையீரலுக்குப் போனா அதுவும் உயிர் போற விஷயம்தான். ஆபரேஷன் ஆன முதல் ரெண்டு மூணு நாள் தோள் வலி வரும், ஆபரேஷன் பண்ணும்போது வயித்த ஊதி வெக்க உள்ள அடிச்ச கேஸால வர்றது, அது வேற, கொறஞ்சிக்கினே போயிடும். கொறஞ்ச வலி திரும்பி வந்தாலோ காய்ச்சலோட வந்தாலோதான் பயம்.

நாடித் துடிப்பு எப்டிப் பாக்குறதுன்னு கேப்பாங்க. கொரோனா நேரத்துல 2020, 2021ல ஆளாளுக்கு ஓடி ஓடி வாங்குனீங்களே வெரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர், முக்காவாசி வீட்ல ஷோகேஸ்ல தூங்குது. அதுல ஆக்ஸிஜன் பக்கத்துல இன்னொரு நம்பர் வரும் பாருங்க, அதான் துடிப்பு. பேட்டரி மாத்தி எடுத்து வெச்சிக்கினா போதும். கசிவுல சில நேரம் காய்ச்சல் பெருசா இருக்காது, துடிப்புதான் மொதல்ல எகிறும். டோலோ போட்டா காய்ச்சல் எறங்கிக் காட்டும், உள்ள நடக்குறது நடந்துக்கினே இருக்கும். இன்னொண்ணு, உள்ள சீழ் புடிச்சா வயிறு கல்லு மாதிரி இறுகும்னு சொல்வாங்களே, உடம்பு பருமனா இருக்குறவங்களுக்கு அது வெளிய தெரியாமலே போகலாம். அமுக்கிப் பாத்தேன், மெத்துனுதான் இருக்குன்னு யாரும் நம்பிக்கினு இருக்க வேணாம்.

எங்க தொழில் சம்பந்தமாவும் ஒண்ணு சொல்லணும். உடம்பு வலி காய்ச்சல்னு வந்தா கட்டிக் குடுக்குற செட்ல டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுப்ரோபென் வகை வலி மாத்திரை ஒண்ணு இருக்கும். இரைப்பை ஆபரேஷன் பண்ணவங்களுக்கு அது ஆகவே ஆகாது, முக்கியமா இரைப்பைய சின்னதாக்கி குடலோட ஒட்டுற பைபாஸ் வகை பண்ணவங்களுக்கு ஒட்டுப் போட்ட எடத்துல புண்ணாகி ரத்தம் கசியலாம், ஓட்டை கூட விழலாம். டெங்கு காய்ச்சலுக்கும் அந்த மாத்திரை கூடாதுன்றதால காய்ச்சல்னு வர்றவங்களுக்கு அதக் கட்டிக் குடுக்குறதே தப்புதான். எங்க கடையில இப்ப கேட்டுட்டுத்தான் குடுக்குறோம், வயித்துல ஆபரேஷன் ஏதாச்சும் ஆச்சான்னு. நெறைய பேரு மொறைக்கிறாங்க, மாத்திர கேட்டா ஜாதகம் கேக்குறியேன்னு. கேட்டுத்தான் ஆவணும்.

இப்ப அசதி. இதுலயும் சகஜம்னு ஒரே அடியா சொல்லிட முடியாது. மொத சில வாரம் அசதி வரும், வெறும் கஞ்சித் தண்ணி, மோர், சூப்புன்னு இருக்கும்போது வராம என்ன பண்ணும். அதுவும் நம்ம வெயில்ல. ஒரே மடக்கா தண்ணி குடிக்க முடியாது, வயிறு கொள்ளாது, வாய் வாயா நாள் பூரா குடிச்சிக்கினே இருந்து ஒன்றரை லிட்டராச்சும் உள்ள போவணும். போவலன்னா தலை சுத்தல், மூத்திரம் மஞ்சளா கொஞ்சமா போறது, அதையும் பலவீனம்னு சொல்லிக்கினு படுத்துக்குவாங்க.

அசதிக்கு இன்னொரு காரணம் பழைய மாத்திரை. இத நான் கண்ணால பாக்குறேன். ஆபரேஷனுக்கு முன்னாடி எழுதுன அதே சீட்ட எடுத்துக்கினு வருவாங்க, சுகர் மாத்திரை அதே டோஸ், பிபி மாத்திரை அதே டோஸ், மாசா மாசம் வாங்குறாங்க. சாப்பாடு கால்வாசியா கொறைஞ்சி எடையும் எறங்கும்போது சுகரும் பிபியும் கூடவே எறங்கும், மாத்திரை மட்டும் எறங்காம இருந்தா என்ன ஆவும், சுகர் 60க்குப் போயி வேர்த்து ஊத்தி நடுங்கி விழுவாங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா பழைய சீட்ட வெச்சிக்கினே வாங்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டி டோஸ மாத்திக்கினு வாங்க.

அதவிட மோசம் வாந்தி. சில பேருக்கு ஆபரேஷன் முடிஞ்சி சில வாரத்துல எது சாப்ட்டாலும் வெளிய வந்துக்கினே இருக்கும். அப்டி நாள்கணக்குல போனா உடம்புல பி1 விட்டமின், தயமின்னு சொல்வாங்க, அது சீக்கிரமே தீந்துடும், அதுக்குப் பெரிய சேமிப்பெல்லாம் உடம்புல கெடயாது. கண்ணு ரெண்டு ரெண்டா தெரியிறது, நடந்தா தள்ளாடுறது, பேச்சு கொழம்புறது எல்லாம் வரும். இந்த நேரத்துல நம்ம ஆளுங்க தெம்பு வரட்டும்னு தெருமுனையில போயி ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திக்குவாங்க. பி1 குடுக்காம வெறும் குளுக்கோஸ் ஏத்துனா அந்த மிச்சம் மீதியும் செலவாகி மூளைக்கே கேடு வரும் சார். பி1 ஊசிக்கு அப்டி ஒண்ணும் பெரிய விலை கெடயாது. ஆபரேஷன் ஆச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்த டாக்டரும் மொதல்ல அதத்தான் போடுவாரு. பாட்டில்னா உசுருன்னு நம்ம ஜனத்துக்கு ஒரு நம்பிக்கை, அத எப்ப மாத்துறதோ தெரியல.

மாசக் கணக்குல கழிச்சி வர்ற அசதி அப்புறம் ஒண்ணு. எல்லாரும் இளைச்சிட்டியே சூப்பர்னு சொல்லிக்கினு இருப்பாங்க, இவங்களுக்கு ரெண்டு மாடி ஏறுனா நெஞ்சு அடிச்சிக்கும். இரும்புச் சத்து, பி12, போலிக் ஆசிட், விட்டமின் டி, எல்லாமே கொறையும். பி12 உடம்புல ஏறுறதுக்கு ஒரு பொருள் வேணும், அது இரைப்பையில இருந்துதான் வருது, இரைப்பைய வெட்டிட்டோம்ல. ஈரல்ல ஏற்கெனவே சேத்து வெச்சது இருக்குறதால ஒடனே தெரியாது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சி கை கால் மதமதப்பு, மறதி, அசதின்னு வரும், அப்ப ஆபரேஷன யாரும் நெனச்சிக் கூடப் பாக்க மாட்டாங்க. சுகருக்கு மெட்பார்மினும் அசிடிட்டிக்கு பேன்டோப்ரசோலும் சேந்து சாப்புடுறவங்களுக்கு பி12 இன்னும் கொறையும். மாசா மாசம் தூரமாவுற பொம்பளைங்களுக்கு இரும்பு மொதல்ல போவும். சத்து மாத்திரை ஆயுசுக்கும் சாப்புடணும், மூணாம் மாசம், ஆறாம் மாசம், ஒரு வருஷம், அப்புறம் வருஷா வருஷம் ரத்த டெஸ்ட் எடுக்கணும். ஆனா எங்க கடையில மொத மாசம் வாங்குவாங்க, ரெண்டாம் மாசம் வாங்குவாங்க, அப்புறம் ஆளக் காணோம், கேட்டா அதான் நல்லா ஆயிட்டனே தம்பின்றாங்க. சாப்புடுறவங்களும் இரும்பு மாத்திரைய டீயோட முழுங்குறாங்க, கால்சியம் மாத்திரையோட சேத்துப் போடுறாங்க. டீயும் கால்சியமும் இரும்ப உள்ள ஏற வுடாது, ரெண்டு மணி நேரமாச்சும் தள்ளிப் போடணும். இதெல்லாம் எவ்ளோ சின்ன விஷயம், டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லு கட்டுற கவுண்டர்ல நிக்கிற நேரத்துல சொல்லிக் குடுக்கலாம். புரோட்டீனும் அப்டித்தான், ஒரு நாளைக்கு 60 கிராம் வேணும்னு சீட்டுல எழுதிக் குடுத்துடுறாங்க, ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. டப்பா பவுடர் விலைக்கு எங்க ஜனம் எங்க போவும். கட்டியா சாப்புடலாம்னு டாக்டர் சொன்ன பெறகு காசிமேட்டு மீன், முட்டை, பருப்பு, தயிருன்னு கணக்கு போட்டுச் சொல்லிக் குடுத்தா அவங்களே சமாளிச்சிக்குவாங்க.

ஆஸ்பத்திரிங்களுக்கு என் கோரிக்க பெருசா ஒண்ணும் இல்ல. பர்சுல வைக்கிற சைசுல தமிழ்ல ஒரு அட்டை குடுங்க. என்ன ஆபரேஷன், என்னிக்கு பண்ணுனது, எந்த மாத்திரை கூடாது, ராத்திரி ரெண்டு மணிக்கு அடிச்சாலும் ஒரு நர்ஸாச்சும் எடுக்குற நம்பர், இவ்ளோதான். லட்சக்கணக்குல பில்லு போடுறவங்களுக்கு ஒரு அட்டை கனமா. பைபாஸ்னு எழுதுனா வயித்துல பண்ணுனதுன்னு சேத்து எழுதுங்க, எங்க ஏரியால பைபாஸ்னா ஹார்ட்டுன்னுதான் எடுத்துக்குவாங்க. அரசாங்கத்துக்கும் ஒண்ணு, 2021லேந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு வீடா வந்து பிபி சுகர் பாக்குறாங்களே அந்த அக்காங்க, அவங்க கேக்குற கேள்வியில வயித்துல ஏதாச்சும் ஆபரேஷன் ஆச்சான்னு ஒண்ணு சேத்துக்கலாம். பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மாட்டாங்க, அந்த அக்காகிட்ட தனியா கேட்டா சொல்லுவாங்க.

மறைக்கிறவங்களுக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். தெருவுக்கு சொல்லாதீங்க, சொந்தத்துக்கு சொல்லாதீங்க, கல்லுன்னு சொல்லுங்க குடலிறக்கம்னு சொல்லுங்க, அது உங்க இஷ்டம். ஊசி போடுறவருகிட்டயும் மாத்திர குடுக்குறவன்கிட்டயும் மட்டும் உண்மையச் சொல்லிடுங்க, வீட்ல ராத்திரி கூட இருக்குறவங்க ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டும்.

ஆசிரியர் சார், அந்தக் கேள்வி பதில்ல வந்த வரிய திருத்தி ஒரு தடவ போடுங்க. இந்த லெட்டர் நீளமாயிடுச்சுன்னு தெரியும், எடம் பத்தலன்னா எங்க தெரு கதைய வெட்டிடுங்க, கோரிக்கையக் கூட வெட்டிடுங்க, காய்ச்சல் 101, துடிப்பு 120ன்னு எழுதுன அந்த பாராவ மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டுடுங்க. கடையில ஒட்டி வெக்கிறேன்.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் பார்மசிஸ்ட் ஒருத்தர்,
வியாசர்பாடி, சென்னை-39.